பேர் தொலைந்த முந்நூறு ஃபைல்கள்

அலுவலகத்தில் அவருக்கு டாக்டர் என்று பெயர். எந்தக் கல்லூரியும் கொடுத்த பட்டமல்ல. படுத்துவிட்ட கம்ப்யூட்டர்களை எழுப்பி உட்கார வைப்பதால் ஒட்டிக்கொண்டது. பத்தொன்பது வருடமாக மூன்று மாடிக்கும் அவர் ஒருவர்தான். யாருடைய மெஷின் செத்தாலும் முதலில் திட்டு, அப்புறம்தான் வைத்தியம். "ஃபைலுக்கெல்லாம் காப்பி எடுத்து வெச்சீங்களா? இல்லையா? அப்ப உக்காந்து அழுங்க!" டிஸ்க்கை முழுசாக இன்னொன்றில் பிரதி எடுக்காமல் ரிப்பேரில் கையே வைக்க மாட்டார். அவ்வளவு சுத்தம். அலுவலகத்தில்.

வீட்டில் நிஜமாகவே டாக்டர் ஆகப் போவது அவர் மனைவி. ஏழு வருடமாக மண்புழுக்களைத் தோண்டி, அளந்து, ஆய்வேட்டை எழுதி முடித்திருந்தாள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் கொடுக்க வேண்டும். தவறினால் பதிவே ரத்து. ஏழு வருடமும் மண்ணோடு மண். ஞாயிற்றுக்கிழமை காலை கரண்ட் போய் வந்தது. வீட்டுக் கம்ப்யூட்டர் எழுந்திருக்க மாட்டேன் என்றது. காப்பி எடுக்க ஒரு வழி செய்து தரச் சொல்லி அவள் கேட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. ஊருக்கே வைத்தியம் பார்ப்பவருக்கு வீட்டைப் பார்க்க நேரம் ஏது, பாவம்!

"ஒண்ணுமில்லம்மா, அஞ்சு நிமிஷம்" என்றார்.

பிரதி எடுத்தால் மூன்று மணி நேரம் போய்விடும். டிவியில் மேட்ச் வேறு. டிஸ்க்கைச் சரிபார்க்கும் கட்டளையை நேராக ஓடவிட்டார். அது மரியாதையாக ஒவ்வொன்றாகக் கேட்டது: இந்த ஃபைல் எந்த ஃபோல்டரைச் சேர்ந்தது என்று தெரியவில்லை, சரி செய்யட்டுமா? நாலு தடவை ஆம் சொன்னதும் ஐயாவுக்கு அலுத்துவிட்டது. எல்லாவற்றுக்கும் ஆம் என்று போட்டுவிட்டுக் காபி குடிக்கப் போனார்.

திரும்பி வந்தபோது, பழுது எதுவும் பாக்கி இல்லை என்றது மெஷின். ஆய்வேட்டு ஃபோல்டரும்தான் பாக்கி இல்லை. அதிலிருந்த முந்நூற்றுச் சொச்சம் ஃபைல்களும் அநாதை ஃபைல்களைக் கொட்டும் இடத்தில் குவிந்து கிடந்தன. உள்ளே எழுத்தெல்லாம் பத்திரம். பெயர்கள் மட்டும் போய் வெறும் எண்கள். எந்த அத்தியாயம், எத்தனையாவது பகுதி என்பதையெல்லாம் அவள் ஃபைலின் பெயரில்தான் வைத்திருந்தாள்.

அவள் வந்து பார்த்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தார், கத்தவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

"சரி, நீங்க வரிசைப்படுத்த ஆரம்பிங்க. நான் குளிச்சிட்டு வந்துடுறேன்."

"நானா? எது எங்க வரும்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"என்னங்க இது! போன வருஷம் முழுசாப் படிச்சேன், பிரமாதம்னு சொன்னீங்களே?"

அவர் படித்தது முதல் பக்கம், அதிலும் பாதி. பிரமாதம் என்றது மட்டும் முழுசாக.

"ஈர மண்ணுல புழுவோட எடை, அது எந்த அத்தியாயம்?"

"ரெண்டு... இல்ல, மூணு."

"அஞ்சு."

அதற்கு மேல் அவள் எதுவும் கேட்கவில்லை. குளிக்கவும் போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நீங்க மொதல் வரியை வாசிங்க. எங்க வைக்கணும்னு நான் சொல்றேன்."

அவர் வாசித்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு, நாலாவது அத்தியாயம், ஏழாம் பகுதி, ஒண்ணாவது, ரெண்டாம் பகுதி என்று சொல்லிக்கொண்டே போனாள். ஒன்றில்கூடத் தடுமாறவில்லை. மதியம் தாண்டி அவருக்குத் தொண்டை கட்டியது. தன் வீட்டில் ஏழு வருடமாக என்ன நடந்துகொண்டிருந்தது என்பது அன்றைக்குத்தான் அவர் காதில் விழுந்தது. வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் ஒரே ஒரு ஃபைல் மிஞ்சியது. திறந்து வாசித்தார்.

"ஒவ்வொரு வரியையும் பொறுமையாகப் படித்துத் திருத்தம் சொன்ன என் கணவருக்கு..."

மீதியை வாசிக்காமல் அவள் பக்கம் திரும்பினார். "நன்றியுரை... இதை எங்க வைக்கட்டும்?" என்றார்.

"அது வேண்டாங்க, அழிச்சிடுங்க. மத்ததெல்லாம்தான் கிடைச்சிடுச்சே" என்று சொல்லிவிட்டு, பிரின்டருக்குக் காகிதம் எடுத்து வர அவள் எழுந்து போனாள்.