சீனி இல்லாத வீட்டில் சீனித்துளசி

என் மகளுக்கு எட்டு வயதில் சர்க்கரை நோய் வந்தது. "குழந்தைக்கா?" என்று கேட்காத ஆள் இல்லை. பெரியவர்களுக்கு வருவது வேறு, இது வேறு, இதற்கு மாத்திரை கிடையாது, காலையும் மாலையும் ஊசிதான் என்று பெங்களூர் டாக்டர் சொன்னபோது நான் அவரிடமே சண்டைக்குப் போனேன். "எங்க பரம்பரையிலேயே கிடையாது சார், நல்லாப் பாருங்க" என்றேன். அவர் பாவம், ரத்தச் சோதனைச் சீட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். எனக்கு அதைப் படிக்கவா தெரியும்? பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓசூர் பஸ் ஏறி, அத்திப்பள்ளி தாண்டும் வரை அழுதேன்.

டாக்டர் இரண்டு பயங்களைக் கொடுத்து அனுப்பியிருந்தார். இனிப்புத் தின்றால் சர்க்கரை ஏறும். கண்ணும் சிறுநீரகமும் மெல்ல மெல்லக் கெடும். ஊசி போட்டுவிட்டுச் சரியாகச் சாப்பிடாவிட்டால் சர்க்கரை இறங்கும். கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், உடனே வாயில் இனிப்புப் போடாவிட்டால் பிள்ளை மயங்கிவிடும், உயிருக்கே ஆபத்து. அதற்காகக் கையோடு எப்போதும் நாலு மிட்டாய் வைத்திருக்கச் சொன்னார். ஏறினாலும் ஆபத்து, இறங்கினாலும் ஆபத்து. இருதலைக் கொள்ளி எறும்பு என்று வாய்க்கு வாய் சொல்வோமே, அது என்னவென்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அந்த நாலு மிட்டாய்தான் வினையானது. என் மகள் கெட்டிக்காரி. "அம்மா, படபடன்னு வருது" என்று கையை லேசாக ஆட்டிக் காட்டினால் மிட்டாய் கிடைக்கும் என்பதைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டாள். நானும் பதறிப் பதறிக் கொடுத்தேன். அடுத்த முறை ரத்தம் சோதித்தபோது சர்க்கரை எங்கேயோ போய் நின்றது. டாக்டர் திட்டியது என்னைத்தான். வீட்டுக்கு வந்ததும் அவளை வெளுத்து வாங்கினேன். அடியாத மாடு படியாது. எனக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். மிட்டாயைப் பிடுங்கினேன். சீனி டப்பாவை வீட்டைவிட்டே ஒழித்தேன். நானும் என் வீட்டுக்காரரும் காப்பியைக் கஷாயம் மாதிரி மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினோம்.

நாங்கள் விருதுநகர்ப் பக்கத்து ஆட்கள். என் வீட்டுக்காரருக்கு ஓசூரில் வண்டிக்கு உதிரிப்பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் லேத் வேலை. கம்பெனி ஆட்களுக்கென்றே வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்ட லைன் வீடுகளில் ஒன்றில் இருந்தோம். ஒரு வீட்டில் தாளித்தால் எல்லா வீட்டிலும் தும்முவார்கள். அந்த வரிசை முழுக்கப் போய்க் கரடியாய்க் கத்தினேன். "எம்பிள்ளைக்கு யாராச்சும் பொட்டு இனிப்புக் குடுத்தீங்க, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்." பக்கத்து வீட்டக்காவிடம் இன்னும் ஒரு படி மேலே போய், சீனியை அவள் கண்ணில் படாமல் ஒளித்து வைக்கச் சொன்னேன். அந்தக்கா தெலுங்கு பேசுகிறவர், பிள்ளை இல்லாதவர். என் மகள் பாதி நாள் அவர் வீட்டில்தான் கிடப்பாள். "வெக்கிறேம்மா, அதுக்கு ஏன் இந்தக் கத்து கத்தறே?" என்று சிரித்தார்.

எல்லாம் செய்தும் ஒரு சாயங்காலம் அவளை எங்கே பிடித்தேன் தெரியுமா? டீக்கடைக்குப் பின்னால். கழுவப் போட்டிருந்த கிளாஸ்களின் அடியில் கரையாமல் தங்கியிருந்த சீனியை விரலால் வழித்து நக்கிக்கொண்டிருந்தாள். ஊர் பேர் தெரியாதவன் எச்சில். அடித்துக்கொண்டே வீட்டுக்கு இழுத்து வந்தேன். வாசலில் வைத்து என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துத் தடுத்தார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அக்கா, மறுவாரம் ஒரு கண்ணாடிப் புட்டியை முந்தானைக்குள் பொதிந்து கொண்டுவந்தார். புட்டிகளுக்குள் செடி வளர்த்துப் பண்ணைகளுக்கு விற்கும் கம்பெனியில் அவருக்குப் புட்டி கழுவும் வேலை. வேண்டாமென்று ஒதுக்கிய புட்டி ஒன்றை மேலதிகாரியிடம் கேட்டு வாங்கி வந்திருந்தார். உள்ளே பாகு மாதிரி ஏதோ உறைந்திருக்க, அதில் விரல்நுனி உயரத்துக்கு இரண்டு செடிகள்.

"சீனித்துளசியாம். பெரிய செடிலருந்து ஒரு இலைய குடுத்தாங்க, வாயில போட்டேன். அம்மா! வெல்லத்தக் கடிச்சாப்ல இருந்திச்சி. ஆனா அதுல சக்கரையே இல்லியாம். நம்ம பாப்பாக்கு ஆவும்" என்றார்.

நான் எதையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. பெங்களூர் போனபோது டாக்டரிடம் கேட்டேன். அதைப் பற்றி அவர் படித்திருந்தார். "அதுல ஒண்ணும் கிடையாதும்மா. நாக்கைத்தான் ஏமாத்தும். உடம்புக்கு அது வெறும் தண்ணி மாதிரி. பயப்படாம குடுங்க" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டு நான் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

செடியை எங்கே வைப்பது? வாசலெல்லாம் சிமெண்டு. மண்தொட்டி வைத்தால் சுவர் ஊறுகிறது என்று வீட்டுக்காரம்மா ஏற்கெனவே ஒரு ரோஜாவைத் தூக்கி எறிந்தவள். "மண்ணு எதுக்கு? எங்க கம்பெனில ஒரு ஷெட்டுல உரத்தண்ணிலயே வேர தொங்க வுட்டு வளக்கறாங்க" என்றார் அக்கா. அவ்வளவுதான், என் வீட்டுக்காரருக்குக் கண்ணில் வெளிச்சம் வந்துவிட்டது. "லேத்துல சூடு தணிக்கக் கூலண்ட் தண்ணி சுத்துதுல்ல, அதே கணக்குதான்" என்றார். பாதியாக அறுத்த நீல டிரம், உதிரிப்பாகம் அடைத்து வந்த தெர்மாகோல் மூடி, அதில் துளை போட்டுச் செடியைப் பிடித்து நிறுத்தப் பஞ்சு, தண்ணீருக்குள் காற்றுக் குமிழி விட மீன்தொட்டி மோட்டார். உரஉப்பு அக்கா உபயம். வேரில் வெளிச்சமும் சூடும் படக்கூடாது என்று டிரம்மைச் சுற்றி ஈரச்சாக்கு கட்டினோம். மோட்டார் கிர்ரென்று ஓடத் தொடங்கியதும் லைனே வந்து வேடிக்கை பார்த்தது.

சீக்கிரம் வளரட்டும் என்று என் வீட்டுக்காரர் உரத்தைக் கூடக் கொஞ்சம் போட்டுவிட்டார். ஒரு செடியின் இலைகள் ஓரம் கருகி, வேர் குழகுழத்து, செத்தே போனது. "உங்களை யாரு அள்ளிக் கொட்டச் சொன்னது?" என்று நான் ஆடித் தீர்த்தேன். மிஞ்சியது ஒன்றே ஒன்று. அதற்கும் கரண்ட் கட் எமனாக வந்தது. மோட்டார் நின்றால் வேருக்கு மூச்சு முட்டும் என்றார் அக்கா. அதனால் கரண்ட் போன போதெல்லாம் நானும் என் மகளும் டிரம்மின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து, சொம்பில் அந்தத் தண்ணீரை மொண்டு காப்பி ஆற்றுவது போல உயரத் தூக்கி ஊற்றுவோம். அவள் கண் தண்ணீரில் இருக்காது, இலையில் இருக்கும். "ஒண்ணே ஒண்ணு கிள்ளிக்கவாம்மா?" என்பாள். "தொட்டே, கையை ஒடிச்சிருவேன்" என்பேன். அது செத்தால் இவள் மறுபடியும் எச்சில் கிளாஸுக்குப் போவாள் என்பதுதான் என் பயம்.

செடி பிழைத்தது. நுனியைக் கிள்ளிக் கிள்ளி விட்டதில் புதராகக் கிளைத்தது. முதல் இலையை அவள் நாக்கில் வைத்த நாளில் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இனிப்புக்குப் பின்னாலேயே லேசாகக் கசக்கும். அவள் அதைப் பொருட்படுத்தவே இல்லை. "ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை" என்று என் வீட்டுக்காரர் கிண்டலடித்தார். அதற்குப் பிறகு தினமும் இலையைக் கொதிக்க வைத்து வடிகட்டி ஒரு பாட்டிலில் வைப்பேன். படபடப்பு நாடகமும் மாறியது. "படபடன்னு வருது, துளசித் தண்ணி குடு" என்பாள், குடிப்பாள், ஆடப் போய்விடுவாள். பார்த்தீர்களா, எல்லாம் நடிப்புத்தான் என்று நாங்களும் சிரித்துக்கொண்டோம். ரத்தச் சோதனையில் டாக்டரே பாராட்டினார். வீட்டில் சீனி இல்லை, மிட்டாய் இல்லை, அடி இல்லை.

கோடை விடுமுறையில் ஒரு காலை. ஊசி போட்டுவிட்டு இட்லி வைத்தேன். பாதியைத் தின்றுவிட்டு, "மிச்சத்தை வந்து திங்கறேம்மா" என்று ஸ்கிப்பிங் கயிற்றோடு ஓடினாள். தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று சத்தம் கேட்கவும் நானும் குடங்களோடு ஓடினேன். அவர் நைட் ஷிப்ட் முடிந்து வந்து உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்.

நான் திரும்பி வந்தபோது அக்கா டம்ளரும் கையுமாக எங்கள் படியில் நின்றார்.

"பாப்பா படபடன்னு வருதுன்னு வந்திச்சி. சக்கரை குடு அத்தைன்னிச்சி. நானா குடுப்பேன்? உங்க துளசியவே நாலு கொத்து கிள்ளி கொதிக்க வெச்சி குடுத்துட்டேன். குடிச்சிட்டு உள்ள போய் படுத்துக்கிச்சி."

"புண்ணியமாப் போகும்க்கா" என்று குடத்தை இறக்கினேன். இறக்கும்போதே ஏதோ உறுத்தியது. ஆடப் போகிறவள் ஏன் படுத்தாள்? இத்தனை நாளும் துளசித் தண்ணீர் கேட்டவள் இன்றைக்கு ஏன் சீனி கேட்டாள்?

உள்ளே போனேன், அக்காவும் பின்னாலேயே வந்தார். பாயில் கிடந்தாள். பாவாடை சட்டையெல்லாம் வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. கூப்பிட்டால் "உம்" என்றாள், கண் என் பக்கம் திரும்பவில்லை. என் சத்தத்தில் அவர் விழித்துக்கொண்டார். "அந்தத் துளசித் தண்ணி இன்னும் கொஞ்சம் குடு, சரியாயிரும்" என்று பாட்டிலை எடுத்து அவரே அவள் வாயில் ஊற்றினார். அது கடைவாய் வழியாக வழிந்து கழுத்துக்குப் போனது. மூன்று பேரும் அவள் முகத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். இதோ சரியாகும், இதோ சரியாகும் என்று.

உடம்புக்கு அது வெறும் தண்ணி. டாக்டர் என் காதுக்குள் சொன்னது போல இருந்தது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்! அந்த இலையில் என்ன இருக்கிறது?

"அக்கா, சீனி! சீனி கொண்டாங்க!"

அக்கா மலங்க மலங்க விழித்தார். "பாப்பாக்கா?"

"எம்பிள்ளைக்குத்தான்க்கா! ஓடுங்க!"

"அய்யோ தேவுடா" என்று ஓடினார். நான் சொன்ன சொல்லுக்காக அரிசி டிரம்மின் அடியில் புதைத்து வைத்திருந்த டப்பாவை, அரிசியையெல்லாம் தரையில் வாரிக் கொட்டி எடுத்து வந்தார். மூடி இறுகியிருந்தது. என் வீட்டுக்காரர் அதைப் பிடுங்கிச் சுவரில் அடித்தார். சீனி பாய் முழுக்கச் சிதறியது. நான் விரலை நனைத்துச் சீனியில் தோய்த்து, அவள் கன்னத்தின் உட்பக்கம் தேய்த்தேன். மறுபடி. மறுபடி. பல் கிட்டியிருந்தது. "தின்னுடி. என் ராசாத்தி, தின்னுடி. முழுங்கும்மா" என்று கதறினேன். ஒரு பொட்டுச் சீனிக்காக அவளைத் தெருவெல்லாம் அடித்து இழுத்துவந்த நான்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. பிறகு நாக்கு என் விரலைத் தேடியது. கண் மெல்லத் திறந்து, சிதறிக் கிடந்த சீனியைப் பார்த்தது, என் கையைப் பார்த்தது.

"அடிக்க மாட்டியே?" என்றாள்.

பெரியாஸ்பத்திரிக்கு ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போய், குளுக்கோஸ் ஏற்றி, மறுநாள் வீட்டுக்கு வந்தோம். வந்ததும் வராததுமாக அவர் மோட்டார் வயரைப் பிடுங்கிச் செடியைத் தூக்கப் போனார். "அது என்னப்பா பண்ணுச்சு?" என்றாள் மகள். "செடிகிட்டக் காட்டுங்க உங்க வீரத்தை. மாட்டுங்க அந்த வயரை" என்று நானும் கத்தினேன். அவர் மாட்டினார். அக்கா தன் வாசலில் முந்தானையால் வாயைப் பொத்தியபடி நின்றுகொண்டிருந்தார். நான் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

புதிதாக ஒரு டப்பா நிறையச் சீனி வாங்கி, அவள் கைக்கு எட்டுகிற திட்டில் வைத்தேன். மூடியை இறுக்கவில்லை. "படபடன்னு வந்தா யாரையும் கேக்காத. நீயே எடுத்துத் தின்னு" என்றேன். தலையை ஆட்டினாள். பொய் சொல்வானேன், தினமும் அந்த டப்பாவைத் திறந்து பார்த்தேன். குறையவில்லை. மழைக்காலம் தொடங்கியபின் ஒரு நாள் திறந்தபோது நடுவில் ஒரு குழி இருந்தது, விரலால் அள்ளிய குழி. அவளைக் கூப்பிட வாயெடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கரண்ட் போயிருந்தது. அவள் தனியாக டிரம்முக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சொம்பை உயரத் தூக்கிச் செடிக்குத் தண்ணீர் ஆற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சொம்பு அந்தரத்தில் நின்றது.

நான் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய் டப்பாவை நிரப்பி, இருந்த இடத்திலேயே வைத்தேன்.