ஆட்டோ நுழையாத பாலம்

வெள்ளம் பழைய பாலத்தை அடித்துக்கொண்டு போன அதே கிழமையில்தான் நாகலெட்சுமியின் கணவர் வீரய்யாவுக்கு நெஞ்சு வலித்தது. அம்புலன்ஸ் ஆற்றுக்கு அந்தப்பக்கம் நின்றுவிட்டது. நாலு பேர் அவரைக் கம்பளியில் கிடத்தி மேல்மலைப் பாதையால் தூக்கிப் போனார்கள். ரோட்டைத் தொடும்போது உடம்பு சில்லிட்டிருந்தது.

நாகலெட்சுமி அழுததைவிடத் திட்டியதுதான் அதிகம். தேயிலைக் கொழுந்து பறிக்கிற மலையில் நின்றும் திட்டினாள். துக்கம் கேட்க வந்த தோட்டத்துச் சங்கத் தலைவரையும் விடவில்லை.

இரண்டு மாதம் கழித்து இரும்புப் பாலம் ஒன்று லொறியில் துண்டு துண்டாக வந்தது. பூட்டிப் போட்டு, தேவை முடிந்ததும் கழற்றி வேறிடத்துக்குக் கொண்டுபோகிற பாலம். ஏறினால் தடதடவென்று அதிரும். ஆனாலும் வாகனம் அவர்கள் குடியிருக்கும் லயத்து வாசல்வரை வந்தது. பக்கத்திலேயே நிரந்தரமான கொங்கிரீட் பாலமும் எழும்பத் தொடங்கியது.

அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குச் சந்தேகம். ஒருநாள் வேலை விட்டு வரும்போது கூடைக் கயிற்றை அவிழ்த்து அளந்தாள். இரும்புப் பாலத்தின் அகலத்தில் பாதிகூட இல்லை. அங்கே நின்ற, பாலம் கட்டுகிற அதிகாரியிடம் சிங்களத்தில் கேட்டாள். தோட்டத்து ஆட்கள் நடந்துபோக இது போதும், பிளானே அப்படித்தான் என்றார் அவர். கிடைக்கிறதையும் கெடுத்துவிடாதே என்று தலைவர் அவள் வாயை அடைக்கப் பார்த்தார்.

திறப்பு விழாவன்று வாழைமரம், மேளம், ரிப்பன். இரும்புப் பாலத்தைக் கழற்ற ஆட்களும் வந்து நின்றார்கள். நாகலெட்சுமி தன் அண்ணன் மகன் சோலைமலையின் ஆட்டோவில் ஏறி, நேராகப் புதுப் பாலத்துக்கு விடச் சொன்னாள். ரிப்பன் அறுந்தது. இரண்டு கைப்பிடிச் சுவருக்கும் நடுவில் ஆட்டோ இறுகி நின்றது.

தலைவர் ஓடிவந்து அவளை இறங்கச் சொன்னார்.

"எங்க வீட்டு ஆளக் கம்பளியில தூக்கிட்டுப் போனீங்க. அடுத்த ஆளயும் அப்பிடித்தான் தூக்கணுமா? இந்த ஆட்டோ அந்தப்பக்கம் போகட்டுங்க, நான் எறங்குறேன்."

கூட்டத்திலிருந்த பெண்கள் ஒவ்வொருவராகப் போய் இரும்புப் பாலத்தின் மேல் உட்கார்ந்தார்கள். கழற்ற வந்தவர்கள் போல்ட் கழற்றும் சாவிகளைக் கீழே வைத்தார்கள். பாலத்தைத் திறந்துவைக்க வந்த விருந்தாளியின் வாகனம் திரும்பிப் போனது.

மூன்று கிழமையில் பாலம் கட்டுகிற காரியாலயத்திலிருந்து கடிதம் வந்தது. புதுப் பாலத்தை அகலப்படுத்தும்வரை இரும்புப் பாலம் இருக்குமாம்.

அகலப்படுத்த இன்னும் யாரும் வரவில்லை. மாதம் ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு அவள் பஸ் ஏறி அந்தக் காரியாலயத்துக்குப் போகிறாள். உட்காரச் சொல்கிறார்கள். உட்காருவதில்லை.