உருபு தேடிய எடிட்டர்

எடிட்டிங் அறையில் பத்தொன்பது வருஷம் குப்பை கொட்டியவளுக்கு முனைவர் பட்டம் எதற்கு என்று கேட்காத ஆளில்லை. "படம் ஓடினா போதாதா? அதுக்கு இலக்கணம் வேறயா?" என்று வீட்டுக்காரரே கேலி செய்தார். ஆனாலும் வேலை முடிந்ததும் மொழியியல் துறைக்கு ஓடி ஓடி, சினிமா ஷாட் வரிசையையும் தமிழ் வாக்கியத்தையும் ஒப்பிடும் ஆய்வேட்டை ஆறு வருஷத்தில் முடித்துவிட்டாள்.

வாய்மொழித் தேர்வன்று, எதிரே வெளியிலிருந்து வந்த தேர்வாளர். பொடி வைத்துப் பேசுவதில் பெயர் போனவர். பக்கத்தில் வழிகாட்டிப் பேராசிரியை; அவர் முகத்தில் ஈயாடவில்லை.

திரையில் இரண்டு ஷாட் காட்டினாள். ஒருவன் ஓடுகிறான், ஒரு நாய் ஓடுகிறது. "இந்த வரிசையில, நாய் அவனைத் துரத்துது." மாற்றிப் போட்டாள். "இப்போ அவன் நாயைத் துரத்துறான். ஆனா தமிழ்ல 'அவனை நாய் துரத்தியது'ன்னாலும் 'நாய் அவனைத் துரத்தியது'ன்னாலும் ஒண்ணுதான். 'ஐ'ங்கற உருபு, மாட்டினது யாருன்னு காட்டிக் கொடுத்துடும். சினிமாவுக்கு உருபு கிடையாது சார். வரிசைதான் எல்லாம்."

தேர்வாளர் தாள்களைப் புரட்டியபடியே கேட்டார். "அவன் திரும்பிப் பார்த்துக்கிட்டே ஓடுற ஷாட் இருக்காம்மா?"

இருந்தது. அவளே வெட்டி ஒதுக்கியது.

"அவன் சும்மா ஓடுற ஷாட்டுக்குப் பதிலா அதைப் போடுங்க. வரிசையை எப்படி வேணும்னாலும் மாத்துங்க."

முன்னால் போட்டாள். பின்னால் போட்டாள். எப்படிப் போட்டாலும் துரத்துவது நாய்தான். சினிமாவுக்கு உருபு இல்லை என்று இரண்டு வருஷம் எழுதிய நான்காம் அத்தியாயம் கண்ணெதிரே சரிந்தது.

"அது ஒரு விதிவிலக்கு சார்..." என்று பேராசிரியை கைகொடுக்கப் பார்த்தார்.

ஆமாம் என்று தலையாட்டித் தப்பித்திருக்கலாம். ஆனால் கண்ணால் பார்த்ததை இல்லை என்று சொல்ல எடிட்டருக்கு மனம் வரவில்லை.

"இல்ல மேடம், விதிவிலக்கு இல்ல. உருபு இல்லைன்னு நான் எழுதினதுதான் தப்பு. அவன் திரும்பிப் பார்க்கறான் பாருங்க, அந்தப் பார்வைதான் உருபு."

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். "இதை ஏன் எழுதல?"

"இப்பத்தானே சார் கண்ணுல பட்டுது!"

அரைமணி நேரம் வெளியே நிற்க வைத்தார்கள். அதற்குள் வராந்தாவை எத்தனை முறை அளந்தாளோ. கூப்பிட்டுச் சொன்னார்கள்: தேர்ச்சி, ஆனால் நான்காம் அத்தியாயத்தை மூன்று மாதத்தில் புதிதாக எழுதித் தர வேண்டும்.

"என்னாச்சு?" போனில் வீட்டுக்காரர்.

"பாஸ். ஒரு அத்தியாயம்தான் போச்சு."

"அய்யய்யோ, அழறியா என்ன?"

"அழலைங்க," என்றாள் மூக்கை உறிஞ்சியபடி. "எழுதணும்னு கை பரபரக்குது."