மூன்று கை வேண்டிய பெட்டி

புழு உண்மையில் செத்துத்தான் வந்ததா, சும்மா சொல்கிறார்களா என்று தீர்ப்புச் சொல்வதுதான் மூன்று வருடமாக என் வேலை. கிண்ணியாவில் ஒருவர் துறைமுகத்து மா ஆலையின் கோதுமைத் தவிட்டில் மாப்புழு வளர்க்கிறார். மீனுக்கும் பறவைக்கும் உயிரோடு போடும் தீனி அது. காற்றுத் துளையிட்ட பெட்டிகளில் அடைத்து இலங்கை முழுவதும் கூரியரில் அனுப்புவார். வாங்கியவர்களின் முறைப்பாடுகள் மட்டும் அன்புவழிபுரத்தில் இருக்கும் என் போனுக்கு வரும்.

"எனக்குப் புழுவப் பாக்கத்தான் தெரியும் அக்கா, மனுசரப் பாக்கத் தெரியா. ஒங்கட தீர்ப்புத்தான்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது. கணவர் போன பிறகு என் சொல்லைக் கேட்க வீட்டில் சுவர்கள்தான் இருந்தன.

எடுத்த எடுப்பிலேயே ஒரு சட்டம் போட்டேன். டேப் ஒட்டிய பெட்டியைக் காட்டி, டேப்பை வெட்டி, புழுவைக் காட்டும் வரை எல்லாம் ஒரே வீடியோவில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மாற்றுப் பெட்டி கிடையாது. பெட்டியை இரண்டு நாள் வெயிலில் மறந்துவிட்டுப் பழியை எங்கள் தலையில் கட்டியவர்கள் இருந்தார்கள். அசையாமல் வெள்ளையாகக் கிடப்பது கூட்டுப்புழு, அதற்கு உயிர் இருக்கிறது என்று தெரியாமல் கத்தியவர்களும் இருந்தார்கள். தெரியாதவர்களுக்குப் பொறுமையாக விளக்குவேன். பொய்யர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை.

உண்மையைச் சொன்னால், அந்த வீடியோக்களைத் தேவைக்கு மேல் பார்ப்பேன். புழுவுக்காக அல்ல. பின்னால் குக்கர் விசிலடிக்கும். "கிட்டப் பிடியுங்கோ, ஒண்டும் தெரியேல்ல" என்று ஒரு மனைவி கணவரை ஏசுவாள். யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிடுவார்கள். பிளேன்டீயோடு கதிரையில் இருந்து இரண்டு மூன்று தரம் ஓடவிட்டுக் கேட்பேன். வெட்கமாகத்தான் இருக்கும், ஆனாலும் கேட்பேன்.

மன்னாரில் இருந்து ஒரு அம்மாவின் முறைப்பாடு வந்தது. மதிலடியில் விழுந்த செண்பகப் பறவைக் குஞ்சு ஒன்றை எடுத்து வளர்க்கிறாராம். எதைக் கொடுத்தாலும் துப்புகிறதாம், நெளிகிற புழுவுக்கு மட்டும் வாய் திறக்கிறதாம். எங்கள் பெட்டியில் ஒன்றுகூட நெளியவில்லை. ஆனால் அவருடைய வீடியோ திறந்த பெட்டியில் இருந்துதான் தொடங்கியது. மறுத்துவிட்டேன். காசு கொடுத்து இன்னொரு பெட்டி எடுத்தார், அதுவும் செத்தே போய்ச் சேர்ந்தது. இந்த முறை டேப் ஒட்டிய பெட்டிக்கு ஒரு வீடியோ, திறந்த பெட்டிக்கு ஒரு வீடியோ. இடையில் என்ன செய்தாரோ, ஆள் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன். "குஞ்சு சோர்ந்துபோச்சு, பிள்ளை. கொஞ்சம் பாருங்கோ" என்று எழுதியிருந்தார். எல்லோருக்கும் ஒரே சட்டம்தான் என்று பதில் போட்டேன். அவருடைய வீடியோக்களை ஒரு தரம்தான் பார்த்தேன். கேட்பதற்கு அவற்றில் ஒன்றும் இருக்கவில்லை.

அடுத்த கிழமை கிண்ணியாக்காரர் ஒரு பெட்டியை என் வீட்டுக்கு அனுப்பினார். பலர் வீடியோவைப் பிழையாக எடுக்கிறார்கள், நீங்களே சரியாக ஒன்று எடுத்துத் தாருங்கள், எல்லோருக்கும் அனுப்பிவிடலாம் என்றார். குசினி மேசையில் பெட்டியை வைத்தேன். ஒரு கையில் போன், மற்றக் கையில் கத்தி. டேப்பில் கத்தியை வைத்ததும் பெட்டி சுழன்றது. போனைத் தேயிலைப் பேணியில் சாய்த்தேன், சறுக்கி விழுந்தது. சீனிப் போத்தலில் சாய்த்தேன், என் வயிறுதான் வீடியோவில் தெரிந்தது. பெட்டியை முழங்காலுக்கிடையில் இறுக்கியும் பார்த்தேன். போனைப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும். பக்கத்து வீட்டில் யாரையாவது கூப்பிடுவோமா என்று யோசித்தபோதுதான் மன்னார் அம்மாவின் இரண்டு வீடியோக்கள் நினைவுக்கு வந்தன. கத்தியைக் கீழே வைத்தேன்.

உடனே அவருக்கு அழைப்பு எடுத்தேன்.

"அம்மா, உங்கட பெட்டியை நான் பிழையா மறுத்திட்டன். இண்டைக்கே புதுசு அனுப்பச் சொல்லுறன்."

"வேண்டாம் பிள்ளை," என்றார். "வியாழக்கிழமை குஞ்சு செத்துப்போச்சு."

மன்னிப்புக் கேட்டேன். இன்று நானே எடுத்துப் பார்த்தேன், ஒரு ஆளால் எடுக்க ஏலாது என்றேன்.

"ஓம், நானும் எவ்வளவோ தெண்டிச்சுப் பாத்தனான்," என்றார். பிறகு, "ஏன் பிள்ளை, உங்கட வீட்டிலயும் ஒருத்தரும் இல்லையோ?" என்று கேட்டார்.

"இல்லை அம்மா," என்றேன்.

போனை வைக்க இருவருக்கும் மனம் வரவில்லை. அவர் பக்கத்தில் குக்கர் இல்லை, கூப்பிடும் குரல் இல்லை, ஒரு சத்தமும் இல்லை. முதல் வீடியோவிலேயே எனக்கு அது கேட்டிருக்க வேண்டும்.