ஸலீம் முதலாளியின் காருக்குப் புஹாரி போட்ட கூரைத்துணி

பதுளைக் கடைத்தெருவில் மெத்தை தைத்த புஹாரி, தம் வாழ்நாளில் பதினொரு மோட்டார்க் கார்களுக்கு உட்கூரைத் துணி போட்டுக் கொடுத்தார். முதல் காருக்கு மட்டும் இரண்டு தடவை போட வேண்டியிருந்தது.

அவர் பிறந்தது 1876இல். குள்ளமான ஆள். மெத்தை தவிர இன்னொரு வேலையும் அவருக்கு இருந்தது: கலியாண வீடுகளில் கூரையின் ஓடும் தகரமும் தெரியாதபடி அதன் கீழ் வெள்ளைத் துணி கட்டுவது. துணியைக் கஞ்சியில் நனைத்து, ஈரத்தோடு இழுத்துக் கட்டுவார். காய்ந்ததும் றபான் மேளத்தின் தோல்போல விறைத்து நிற்கும். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் கட்டிய வெள்ளை ஒன்றுகூடத் தொய்ந்ததில்லை.

1921 ஆகஸ்டில் அவருடைய மகள் ஹம்ஸியாவுக்கும் அப்புத்தளையில் மளிகைக்கடை வைத்திருந்த ஸரூக்குக்கும் நிக்காஹ் நடந்தது. 27ஆம் தேதி சனிக்கிழமை பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். ரயில் அப்போது பதுளைக்கு வரவில்லை. மாட்டு வண்டியில் பகலெல்லாம் குலுங்கி, புழுதி படிந்த முகத்தோடு மகள் மாமியார் வாசலில் இறங்குவதைப் புஹாரியால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பெண்கள் மறைவாகப் போகத் தக்க மூடிய கார், அவர் அறிய, துணிக்கடை ஸலீம் முதலாளியிடம்தான் இருந்தது. ஒன்பது வருஷப் பழசு, ஒரு தோட்டத்துத் துரையிடம் வாங்கியது.

முதலாளி மறுக்கவில்லை. ஆனால் உட்கூரைத் துணி கழன்று பின்சீட்டில் இருப்பவர் தலைமேல் படுத்துக் கிடந்தது. அவரே துருக்கித் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டுதான் போய்வந்தார்.

“புதுப்பெண்ணை இதுக்குள்ள ஏத்தி அனுப்பினா ஊரே என்னைப் பார்த்துச் சிரிக்கும். கூரையைச் சரிபண்ணுங்க நானா, காரைக் கொண்டு போங்க” என்றார்.

புதன்கிழமை புஹாரி பழைய துணியைக் கழற்றினார். துருப்பிடித்த சின்ன ஆணிகள் 214. மேலே குறுக்காக ஐந்து மரச்சட்டங்கள் இருந்தன. புதுத்துணியை அளந்து வெட்டி, வழக்கப்படி கஞ்சியில் நனைத்து, நாலு ஓரமும் இழுத்து ஆணி அடித்தார். பதுளை வெயிலில் மூன்று மணிக்குள் காய்ந்துவிட்டது. சுண்டினால் டங்கென்றது.

மறுநாள் முதலாளியின் டிரைவர் யாகோப்பு, பெண்ணின் பெட்டிகளை இறக்குவதற்காக அப்புத்தளைக்குப் போனார். அங்கே மூன்று நாளாக மூடுபனி. சாயங்காலம் ஐந்தரைக்குக் கார் திரும்பியபோது கூரை முன்னிலும் மோசமாகத் தொங்கியது. பனி ஈரத்தில் கஞ்சி இளகிவிட்டது.

யாகோப்பு கொஸ்லந்தைத் தோட்டத்தில் பிறந்தவர், வாய்த்துடுக்கு அதிகம். “வழியில ஒரு பெரியவரை ஏத்துனேங்க. எறங்கையில துணி அவரு நெத்தியை விடவே இல்லை. மோட்டார் கூரைக்குச் சோறு ஊட்டின ஆளு ஒலகத்துலயே நீங்க ஒருத்தர்தாங்க” என்றார்.

புஹாரிக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரே ஊரில் ஒரு நாள் நிற்கும் வெள்ளைதான் அவர் அதுவரை கட்டியது. வீட்டுக்கு வந்ததும், கஞ்சியை இன்னும் தடிப்பாகக் காய்ச்சிப் பார்க்கலாமா என்று மனைவி பலீலாவிடம் யோசனை கேட்டார். பலீலா மாப்பிள்ளை வீட்டுக்குப் பலகாரம் அடுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்:

“மெத்தையக் கஞ்சி ஊத்தியா நிப்பாட்டுறீங்க?”

மெத்தையில் பஞ்சை நகராமல் நிறுத்துவது நடுவில் போடும் தையல். வெள்ளிக்கிழமை விடிந்ததும் துணியைக் கழற்றி, வெந்நீரில் கஞ்சி போக அலசிக் காயப்போட்டார். அதன் பின்புறத்தில், சட்டத்துக்கு ஒன்றாக, ஐந்து நாடாக்கள் தைக்கப்பட்டன. மூன்று பலீலா தைத்தது. ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து, நடு நாடாவை நடுச் சட்டத்தில் முதலில் அடித்தார். பிறகு அங்கிருந்து முன்னும் பின்னுமாக மற்றவை. ஓரங்கள் கடைசி. ஆறு மணி பத்து நிமிஷத்துக்கு வேலை முடிந்தது. கொதிக்கும் தண்ணீர்ப் பானையைக் காருக்குள் வைத்துக் கதவுகளை அடைத்தார். அரைமணி கழித்துத் திறந்தபோது கண்ணாடியெல்லாம் நீர் வழிந்தது. கூரை அசையவில்லை.

சனிக்கிழமை காலை 7.20க்குக் கார் புறப்பட்டது. தாயும் மகளும் பின்னால், புஹாரி யாகோப்பின் பக்கத்தில். பண்டாரவளை தாண்டியதும் மூடுபனி சூழ்ந்துகொண்டது. புஹாரி முழுக்கத் திரும்பி உட்கார்ந்து கூரையையே பார்த்தபடி வந்தார். அடிக்கடி கையை நீட்டித் தொட்டும் பார்த்தார்.

“வாப்பா, முன்னுக்குப் பாருங்க” என்றாள் ஹம்ஸியா. “கூரை இருந்த இடத்துலதான் இருக்கு. உங்க கழுத்துதான் கோணிப் போவுது.”

10.35க்கு மாமியார் வாசலில் இறங்கியபோது அவளுடைய முக்காட்டில் ஒரு சுருக்கம்கூட விழுந்திருக்கவில்லை. புஹாரிக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது. விருந்தில் தலையை இடது பக்கம் திருப்பியபடியே உட்கார்ந்து, இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.