மடித்து வைத்த அம்மா

வீட்டில் எல்லோரும் அவளைக் கத்தரி என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரை வைத்தது அண்ணன். சின்ன வயதில் அவனுடைய பள்ளிச் சட்டையின் பையை வெட்டியெடுத்து துணியில் தான் தைத்த வீட்டுக்குக் கதவாக வைத்துத் தைத்துவிட்டாள். அன்றைக்கு அடியும் விழுந்தது, பெயரும் விழுந்தது. அடி மறந்துபோயிற்று. பெயர் மட்டும், அவளுக்குத் தலை நரைக்கத் தொடங்கிய பிறகும் விட்டுப்போகவில்லை.

பகலெல்லாம் அவளுக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் வேலை. லென்ஸைச் சட்டத்துக்குச் சரியாக உட்காரும்படி விளிம்பு தேய்த்துக் கொடுக்க வேண்டும். இம்மி கூடினால் ஏறாது, இம்மி குறைந்தால் நிற்காது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து சமையலை முடித்ததும் ஊசியை எடுத்துவிடுவாள். பழைய துணிகளை வெட்டி, அடித்துணியின் மேல் வைத்துத் தைத்து, நூலால் கோடு இழுத்துப் படம் செய்வாள். விற்பதற்கு இல்லை, கேட்டவர்களுக்குக் கொடுப்பாள், கேட்காதவர்களுக்கும் கொடுப்பாள். கடையில் துணி வாங்கித் தைப்பது அவளுக்குப் பிடிக்காது. யாராவது உடுத்திக் கிழித்த துணியாக இருக்க வேண்டும். அதனால் அந்த வீட்டுக் கொடியில் காயும் எதற்கும் உத்தரவாதம் கிடையாது. நகரப் பேருந்து ஓட்டுகிற அவள் கணவர் ஒருமுறை தன் சாம்பல் நிறச் சட்டையை வீடு முழுக்கத் தேடிவிட்டு, கடைசியில் கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த படத்தில் மழைமேகமாகக் கண்டுபிடித்தார். "இன்னும் ரெண்டு வருஷம் உழைச்சிருக்கும் அந்தச் சட்டை" என்றார். வேறொரு சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். அப்படி ஒரு மனிதர்.

அண்ணன் புது அடுக்குமாடி வீடு வாங்கியபோது அவனே அவளைக் கூப்பிட்டுக் கேட்டான்.

"கூடத்துல பெரிய சுவர் ஒண்ணு காலியா இருக்கு கத்தரி. கடையில வாங்கின படமெல்லாம் வேண்டாம். நாம பொறந்து வளர்ந்த அந்த வாடகை வீட்டைத் தச்சுக் குடு."

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வங்கியில் மேலாளராக இருக்கும் அண்ணன், அவள் கைவேலையைப் பார்த்து அதுவரை "பொழுதுபோகுதா?" என்றுதான் கேட்டிருக்கிறான். மழைக்காலம் முழுவதும் அதிலேயே உட்கார்ந்தாள். சாப்பாட்டு மேசை அவள் துணிக்குப் போய்விட்டதால் கணவரும் மகளும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டுப் பழகிக்கொண்டார்கள்.

அந்த வாடகை வீட்டில் இருந்ததே ஒன்றரை அறை. படத்தில் அந்த முன்னறையைத்தான் தைத்தாள். இடது பக்கம் அப்பா, பிரம்பு நாற்காலியில் பத்திரிகையோடு. அப்பாவின் முகத்துக்கு அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. அவர் இப்போது இல்லாததால் அவருடைய புகைப்படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மீசைக்கு ஒற்றை நூல், மூக்குக்கண்ணாடிக்குச் சங்கிலித் தையல் என்று பிரித்துப் பிரித்துத் தைத்தாள். நடுவில் அண்ணன் புத்தகத்தோடு. மேசைக்கு அடியில் துண்டுத் துணிகளோடு அவள். வலது பக்கம் தையல் மெஷின். அதன் முன்னால் குனிந்தபடி அம்மா.

அந்த வலது பக்கம்தான் படத்தின் உயிர் என்று அவள் நினைத்தாள். அப்பா நல்லவர்தான். ஆனால் வேலையில் சேர்வதிலும் அதைவிட வேகமாக வேலையை விட்டுவிட்டு வருவதிலும் கெட்டிக்காரர். முதலாளி முகம் கொடுத்துப் பேசவில்லை என்று ஒரு வேலையை விட்டார், ரொம்பப் பேசுகிறான் என்று இன்னொன்றை விட்டார். அந்தத் தெருவிலும் அடுத்த மூன்று தெருக்களிலும் இருந்த பெண்களுக்கெல்லாம் உடை தைத்து, பள்ளிச் சீருடை தைத்து, தலையணை உறை தைத்து அந்த வீட்டை ஓட்டியது அம்மா. மெஷின் சத்தம் நின்றால் பிள்ளைகளுக்குத் தூக்கம் கலையும். அண்ணனின் கல்லூரிப் படிப்பு முழுக்க அந்தச் சக்கரத்தில் சுற்றி வந்ததுதான். அம்மாவின் உருவத்துக்காக, அம்மா அப்போது உடுத்திய நீலப் பூப்போட்ட ஆடையையே பெட்டியிலிருந்து எடுத்து வெட்டினாள். முதுகில் துணி நைந்திருந்த இடம் முதுகிலேயே வந்தது. அதைத் தைத்த அன்று அவள் கொஞ்சம் அழுதுகூட விட்டாள்.

அண்ணன் வந்து சுருட்டி வாங்கிக்கொண்டு போனான். சட்டம் போட்டு மாட்டிவிட்டதாகவும், தன்னுடன் வேலை செய்பவர்களை விருந்துக்கு அழைத்திருப்பதாகவும், அவளும் கணவரோடு வர வேண்டும் என்றும் போனில் சொன்னான்.

அவள் போனபோது கூடம் நிறைய ஆட்கள். செருப்பைக் கழற்றும்போதே கண் சுவருக்குப் போய்விட்டது. கண்ணாடி போட்ட பெரிய சட்டம், மேலே தனி விளக்கு. அப்பா இருந்தார். அண்ணன் இருந்தான். மேசை இருந்தது. மேசையோடு படம் முடிந்துவிட்டது.

அவளுக்கு முதலில் புரியவே இல்லை. வேறு யாரோ தைத்த படம் போல இருந்தது. அருகில் போய்ப் பார்த்தாள். வலது ஓரத்தில், சட்டத்தை ஒட்டி, நீல நூல் ஒரு இழை மட்டும் தெரிந்தது. அம்மாவின் முழங்கை அது.

அவளுக்குப் பின்னால் அண்ணனின் மேலதிகாரி படத்தைக் காட்டி ஏதோ கேட்டார். அண்ணன் சிரித்துக்கொண்டே பதில் சொன்னான். "எங்கப்பா சார். துணி வியாபாரம் பண்ணிட்டிருந்தார். அந்தக் காலத்துல அந்தப் பக்கம் அவரைத் தெரியாதவங்க கிடையாது."

அவளுக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. அப்பாவை எல்லோருக்கும் தெரியும் என்பது உண்மைதான். டீக்கடைக்காரருக்கு ரொம்ப நன்றாகத் தெரியும். துணி வியாபாரமாம். ஒரு கைக்குட்டை விற்றிருப்பாரா அந்த மனிதர்?

அண்ணனின் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அண்ணி தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மாவ எங்கண்ணா?"

"உள் ரூம்ல இருக்காங்க. கால் வலின்னு..."

"படத்துல இருந்த அம்மாவக் கேக்கறேன். வெட்டிட்டியா?"

"வெட்டலை. சத்தம் போடாத. பின்னால மடிச்சு வெச்சிருக்கு, அவ்வளவுதான். சுவர் அளவுக்கு வரல."

"அளவு வரலைன்னா அப்பாவ மடிச்சிருக்கலாமே. சும்மாதான உக்காந்திருக்காரு."

அண்ணி இடையில் வந்தாள். "கத்தரி, வந்தவங்க காதுல விழும். எதுவா இருந்தாலும் நாளைக்குப் பேசிக்கலாம்."

"துணி வியாபாரம்னு சொல்றதும் சுவர் அளவுக்குத்தானா அண்ணி?"

அண்ணன் குரலைத் தாழ்த்தினான். "எங்க வேலை உனக்குத் தெரியாது. நாலு பேர் வந்து போற இடம். ஊரார் துணியத் தச்சு வளர்ந்தோம்னு விளக்குப் போட்டு மாட்டணுமா?"

அவள் நேராகக் கூடத்துக்குப் போனாள். சோபாவை ஒட்டிப் போட்டிருந்த முக்காலியில் ஏறிச் சட்டத்தை இரண்டு கையாலும் தூக்கினாள். பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து, ஒன்றும் கேட்காமல் மறுமுனையைப் பிடித்தார். இரண்டு பேருமாக அதைத் தூக்கிக்கொண்டு, வழியில் நின்ற மேலதிகாரியைக் கொஞ்சம் ஒதுங்கச் சொல்லி, அம்மாவின் அறைக்குள் போய்க் கட்டிலில் கவிழ்த்து வைத்தார்கள்.

அம்மா கட்டிலின் மறு ஓரத்தில் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மாவின் மருந்துக் கரண்டிக் காம்பால் அவள் சட்டத்தின் பின்பக்கத்துச் சிறிய ஆணிகளை நெம்பி எடுத்தாள். அட்டையைப் பிரித்ததும், நீலப் பூப்போட்ட துணி நெடுக மடிந்து, மடிப்பு வாயில் கோடு விழுந்து கிடந்தது. நாடா வைத்து ஒட்டியிருந்தார்கள்.

"பாரும்மா. பெத்த பிள்ளை உன்ன என்ன பண்ணி வெச்சிருக்கான்னு பாரு."

அம்மா எட்டிப் பார்த்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"தெரியும். என்கிட்ட கேட்டுட்டுத்தான் மடிச்சான். நான்தான் சரின்னேன்."

இவ்வளவு நேரம் யாருக்காக அவள் கொதித்தாளோ அந்த ஆளே கொதிக்கிற பானையை இறக்கிக் கீழே வைத்ததுபோல் இருந்தது. அப்புறம் அந்தக் கோபம் அம்மாவின் மேலேயே திரும்பியது.

"ஏம்மா? உனக்குமா வெட்கம்? தச்சு எங்களக் காப்பாத்தினது உனக்கே கேவலமா இருக்கா?"

"எனக்கென்ன வெட்கம்?" அம்மாவின் குரல் உயர்ந்தது. "நீ என்ன தச்சு வெச்சிருக்க, அதைச் சொல்லு முதல்ல. உங்கப்பாவுக்கு மீசை மீசையாத் தச்சிருக்க. கண்ணாடிகூடப் போட்டுவிட்டிருக்க. உங்கண்ணன் வெச்சிருக்கிற புத்தகத்துலகூட எழுத்துத் தெரியுது. எனக்கு என்ன குடுத்த? முதுகு. அதுவும் நைஞ்ச முதுகு."

"அம்மா, அது நீ வேலை செய்யற மாதிரி..."

"வேலை செய்யறவளுக்கு முகம் கிடையாதா? ஆயுசு முழுக்க எல்லாரும் என் முதுகைத்தான் பார்த்தீங்க. 'அம்மா பசிக்குது'ன்னு முதுகுகிட்ட கேட்டீங்க. 'ஃபீஸ் கட்டணும்'னு முதுகுகிட்ட கேட்டீங்க. உங்கப்பா வேலைய விட்டுட்டு வந்தா அதையும் முதுகுகிட்டத்தான் சொல்வாரு. இப்ப அதையே கண்ணாடி போட்டு மாட்டணுமா? மடிச்சு வைக்கட்டும்னுதான் சொன்னேன்."

"முகம் எனக்குச் சரியா வராதும்மா. அப்பாவுக்கு போட்டோ இருந்துச்சு..."

"நான் உயிரோட இருக்கேன். ஒரு பஸ் ஏறினா வந்துடலாம். உக்காரும்மா, பார்த்துத் தைக்கறேன்னு ஒரு வார்த்தை கேட்டியா?"

அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். கேட்கவில்லை. அம்மாவை எதிரில் உட்காரவைத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றவேயில்லை. அம்மா என்றால் அந்த முதுகுதான் தானாகக் கைக்கு வந்தது. அதை நினைத்துக்கொண்டு அழவும் செய்தாள் அல்லவா, அதுதான் இப்போது அவளுக்குச் சுருக்கென்றது. கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு தெருவைப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து அண்ணன் உள்ளே வந்து கதவைச் சாத்தினான். "வெளியில என்னால தலைகாட்ட முடியல. என்ன நினைச்சிட்டிருக்கீங்க ரெண்டு பேரும்?"

"அம்மா சம்மதிச்சாங்கன்னு தெரிஞ்சுதுண்ணா. அதோட அப்பா துணி வியாபாரின்னு சொல்லவும் சம்மதிச்சாங்களா? அதையும் கேட்டுடலாம்" என்றாள் அவள்.

அம்மா தைலப் புட்டியை மூடினாள். "என்ன வியாபாரம்?"

அவள்தான் சொன்னாள், மேலதிகாரி கேட்டது, இவன் சொன்ன பதில், ஒரு வார்த்தை விடாமல்.

அம்மா மகன் பக்கம் திரும்பினாள். "சுவர்ல இடம் பத்தலைன்னு சொன்ன. சரின்னேன். என் முதுகை மடிச்சுக்கோன்னுதான் சொன்னேன். என் மெஷின எதுக்குடா மடிச்ச? உங்கப்பா வேலை பார்த்த கதைய நான் யார்கிட்டயும் சொன்னதில்ல, அவருக்கு மரியாதை போயிடக் கூடாதுன்னு. அதுக்காக நான் தச்ச தையல அவரு கணக்குல எழுதிடுவியா?"

"அம்மா, ஒரு பேச்சுக்குச் சொன்னது..."

"அந்தப் பேச்ச நீயே போய்த் திருத்திட்டு வா. இல்ல, எனக்குக் கால் வலி பரவாயில்ல, நான் எழுந்து வர்றேன்."

அண்ணன் வெளியே போனான். கூடத்தில் என்ன சொன்னானோ, எதுவும் சொல்லவில்லையோ, அவர்களுக்குத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் விருந்தாளிகள் கிளம்பும் சத்தம் மட்டும் கேட்டது. சட்டத்தையும் கண்ணாடியையும் கட்டிலடியில் தள்ளிவிட்டு, துணியைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தாள். பேருந்தில் கணவர் ஒன்றே ஒன்று சொன்னார்: "சாப்பாடு நல்லாத்தான் இருந்துச்சு. பாதியில விட்டுட்டேன்."

அண்ணன் கொஞ்ச நாள் பேசவில்லை. அந்தச் சுவரில் ஒரு பெரிய கடிகாரம் மாட்டியிருப்பதாக அம்மா சொன்னாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பஸ் ஏறி வந்து, ஜன்னலோரம் நாற்காலி போட்டு அம்மா அவளுக்கு எதிரே உட்கார்ந்தாள். சும்மா உட்காரத் தெரியாதவள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நூலைப் பார்ப்பாள். "இது என் மூக்கா? எதிர்வீட்டுக்காரி மூக்கு மாதிரி இருக்கு. பிரி." அவள் பிரிப்பாள். வாய் கோணிக்கொண்டது, பிரித்தாள். கண் இரண்டும் ஒன்றுபோல வந்து பொம்மை ஆகிவிட்டது, அதையும் பிரித்தாள். நீல முதுகை முழுக்க எடுத்தாயிற்று. மெஷினை அம்மா எடுக்கவிடவில்லை. மெஷினில் உட்கார்ந்தபடியே, யாரோ உள்ளே வந்த சத்தம் கேட்டு நிமிர்ந்து பார்ப்பதுபோல இருக்க வேண்டும் என்றாள்.

"அப்பாவ என்னம்மா பண்றது? கையில பத்திரிகைக்குப் பதிலா வேற ஏதாவது குடுத்துடவா?"

"பாவம், படிக்கட்டும். எழுப்பினா டீ கேப்பாரு."

படம் முடிந்தபோது அம்மாவின் முகம் அப்பாவின் முகம் போல அச்சாக வரவில்லை. ஒரு புருவம் சற்றே மேலே ஏறியிருந்தது, எதையோ நம்பாதவள் மாதிரி. அம்மா அதைப் பார்த்து, அதைப் பிரிக்க வேண்டாம் என்றாள்.

அம்மாவும் வந்திருந்த ஒருநாள் அண்ணன் ஆரஞ்சுப் பழப் பையோடு வந்தான். படத்தைத் திரும்பக் கேட்டான். இந்தத் தடவை முழுசாக மாட்டுகிறேன் என்றான், கடிகாரத்தைக் கழற்றிவிடுகிறேன் என்றான். அவள் தர மாட்டேன் என்றாள். அவளுக்கு இன்னும் ஆறவில்லை. அவன்மேல் பாதி, தன்மேல் மீதி. அவன் மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் கொடுத்திருப்பாளா என்பது சந்தேகம்தான்.

படம் அவள் வீட்டுக் கூடத்தில்தான் மாட்டியிருந்தது, கண்ணாடி இல்லாமல், கம்பில் கோத்து. அண்ணன் அதற்கு முதுகைக் காட்டி நாற்காலியில் உட்கார்ந்து ஆரஞ்சை உரிக்கத் தொடங்கினான். அடுத்த அறையிலிருந்து வந்த அம்மா ஒரு நிமிடம் நின்று பார்த்தாள்.

"எழுந்து இந்தப் பக்கம் உக்காரு" என்றாள்.

அவன் பாதி உரித்த ஆரஞ்சோடு எழுந்து, மாறி உட்கார்ந்தான்.