முந்நூற்றுப் பதினெட்டு மெழுகுவர்த்திகளும் ஒரு கிராபிக்ஸ் கார்டும்

என் பெயர் ஃபிரெட்ரிக். வயது நாற்பத்தாறு. வீடு பெசன்ட் நகரில். தரமணியில் ஒரு கம்பெனியில், அடுத்தவர்களுடைய சம்பளச் சீட்டு சரியாக வருகிறதா என்று பார்ப்பது என் வேலை. இவ்வளவுதான் நான் என்று ஒப்புக்கொண்டிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். ஆனால் நான்கு வருடமாக, கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும், ஒரு வீடியோ கேம் உருவாக்கிக்கொண்டிருப்பதாகச் சொல்லித் திரிந்தேன்.

சண்டை, துப்பாக்கியெல்லாம் அதில் கிடையாது. எங்கள் மாதா கோயில் செப்டம்பர் திருவிழாவின் தேர் பவனிதான் கேம். விளையாடுகிறவர் கையில் மெழுகுவர்த்தியோடு தேருக்குப் பின்னால் நடக்க வேண்டும். கடல் காற்றில் அணையாமல் அதைக் கோயில் வாசல்வரை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். தெருவின் இருபுறமும் வீட்டு வாசல்களில் மெழுகுவர்த்திகள் எரியும். இந்த இடத்தில்தான் என் மூளை தேவைக்கு மேல் வேலை செய்தது. எங்கள் கோயில் பங்கிலுள்ள ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு மெழுகுவர்த்தி, அதன் அடியில் குடும்பப் பெயர் என்று முடிவு செய்தேன்.

பெயர் சேகரிக்க என்னோடு வந்தவள் என் மனைவி மர்சலின். இரண்டு மாதம், ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும் கையில் நோட்டோடு கிளம்புவாள். லிஃப்ட் இல்லாத வீடுகளில் முட்டியைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறுவாள். நான் கேமைப் பற்றி உரையாற்றிக்கொண்டிருக்க, அவள் பெயர் கேட்டு எழுதுவாள். முந்நூற்றுப் பதினெட்டு கதவுகளைத் தட்டினோம். வரும் திருவிழாவில் பங்கு மண்டபத்துப் பெரிய திரையில் உங்கள் மெழுகுவர்த்தி எரியும் என்று முந்நூற்றுப் பதினெட்டு இடத்திலும் வாக்குக் கொடுத்தேன். அது நடந்து மூன்று திருவிழாக்கள் ஆகிவிட்டன.

கேம் ஓடவில்லை. நொடிக்கு அறுபது படம் ஓடினால்தான் நடப்பது நடப்பதாகத் தெரியும். என் கம்ப்யூட்டரில் ஒன்பது ஓடியது. தேர் ஒரு முறை விக்கி, யோசித்து, மறுபடி விக்கியது. கம்ப்யூட்டரில் படத்தை ஓட்டும் கிராபிக்ஸ் கார்டு பழசு என்று நான் தீர்ப்பு எழுதினேன்.

அன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் கார்டே காரணமாயிற்று. பாடகர் குழுவின் பிரிஸில்லா ஆன்ட்டி கோயில் வாசலில் பிடித்துக்கொண்டு, "என்னப்பா, எங்க மெழுகுவர்த்தி எரிஞ்சிச்சா இல்லியா?" என்பார். "கார்டு பத்தல ஆன்ட்டி" என்பேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தபோதுகூட, கார்டு மெதுவாக இருந்ததால் கம்ப்யூட்டரைவிட்டு எழுந்திருக்க முடியவில்லை என்று மர்சலினிடம் சொன்னேன். அவள் அடுப்பைத் துடைத்தபடியே, "அந்தக் கார்ட வாங்கித் தொலைங்களேன்" என்றாள்.

வாங்குவது என்ன சாதாரண விஷயமா? விளையாட மட்டும் என்றால் எட்டு ஜிபி மெமரி போதும் என்றார்கள். கேம் உருவாக்க என்றால் குறைந்தது பதினாறு வேண்டும் என்றார்கள். ஒரு கார்டைத் தேர்ந்தெடுத்து முடிக்கும்போது, அடுத்த மாதம் புதுசு வருகிறது என்று செய்தி வரும். புதுசு வந்ததும் பழசின் விலை இறங்கட்டும் என்று காத்திருப்பேன். பதினேழு கார்டுகளை ஒப்பிட்டு அட்டவணை போட்டேன். பெண் பார்க்கப் போனபோதுகூட நான் இவ்வளவு யோசிக்கவில்லை. அதை ஒருநாள் மர்சலினிடமே சொல்லிவைத்தேன், அன்று ராத்திரி சாப்பாட்டை நானே போட்டுக்கொண்டேன்.

இந்த வருடம் ஜூலையில், திருவிழாவுக்கு ஆறு வாரம் இருக்கும்போது, அட்டவணையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன். கடைக்காரர் கரீமுல்லா என்னைவிடப் பதினைந்து வயதாவது சின்னவர்.

"இன்னா வேலைக்கு சார் கார்டு?"

"கேம் விளையாடவும், கேம் உருவாக்கவும்."

"ஊட்டு பொட்டில பவர் சப்ளை எத்தினி வாட்டு?"

பதினேழு கார்டுகளின் நீள அகலம் எனக்கு மனப்பாடம். என் வீட்டுக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. சட்டைப்பையில் இருந்த அட்டவணை அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"கேமு கைல கீதா? கடைல கீற பெரிய கார்டுல போட்டுப் பாத்துரலாம்" என்றார். பென்டிரைவைக் கொடுத்தேன். என் அட்டவணையில் முதலிடத்தில் இருந்த, நான் கனவில்கூட வாங்க முடியாத கார்டு அது. தேர் கிளம்பியது. விக்கியது. நொடிக்கு இருபத்திரண்டு படம் என்று திரை மூலையில் காட்டியது.

கரீமுல்லா திரையில் தெரிந்த தெருவை விரலால் காட்டினார். "எத்தினி லைட்டு வெச்சிகீறீங்க?"

"முந்நூத்திப் பதினெட்டு."

"அல்லாம் ஒரே டைம்ல எரியுதா?"

"திருவிழா பாய்."

"ஒவ்வொண்ணும் தனியா நெழலு போடுதா?"

"போடும்" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"சார், கார்டு மேல தப்பு இல்ல. ஆள் நடந்து போற எடத்துல மட்டும் நாலு எரியட்டும். தூரத்துல கீறது அல்லாம் சும்மா இருட்டா நிக்கட்டும், யாரு பாக்கப் போறா?"

"யார் வீட்டு மெழுகுவர்த்திய பாய் அணைக்கிறது?"

அவர் பென்டிரைவை உருவி எடுத்தார். கார்டை விற்கவில்லை. "இப்ப வித்தா அடுத்த வாரம் வந்து சண்ட போடுவீங்க. போய் அத்த சரி பண்ணிகினு வாங்க" என்று பென்டிரைவைக் கையில் வைத்தார்.

ஒன்றரை வருடம் கார்டுகளைப் பற்றிப் படித்தவன், என் கேமைப் பற்றி ஒரு நாள்கூடப் படிக்கவில்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். அவ்வளவு வெட்கமாக இருந்தது.

ஒரே வாரத்தில் வேலை முடிந்தது. விளையாடுகிறவர் ஒரு வாசலை நெருங்கினால் அந்த மெழுகுவர்த்தி எரியும். தாண்டிப் போனால் அணையும். அதே பழைய கார்டில் நொடிக்கு ஐம்பத்தெட்டு படம் ஓடியது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, மர்சலினிடமும்தான். மூன்று வருடம் கார்டைத் திட்டிவிட்டு எந்த முகத்தோடு சொல்வது?

திருவிழா மாலையில், என் கம்ப்யூட்டரைப் பெரிய திரையோடு இணைத்தபோது மண்டபம் நிறைந்திருந்தது. முதலில் பிரிஸில்லா ஆன்ட்டி விளையாடினார். அவருடைய வாசல் வந்ததும் மெழுகுவர்த்தி தானாக எரிந்தது. "நான் வந்தவுடனே எரியுது பாரு" என்று திரும்பி எல்லாரிடமும் சொன்னார். கைதட்டினார்கள். வேண்டுமென்றே அப்படி அமைத்த கலைஞன்போல நான் தலையை லேசாகக் குனிந்துகொண்டேன். பிறகு விளையாட நீண்ட வரிசை சேர்ந்தது. ஒவ்வொருவரும் அவரவர் வாசலைத் தேடிப் போய், எரிந்ததும் சிரித்துவிட்டு நகர்ந்தார்கள்.

கடைசியாக மர்சலின் வந்தாள். தேரைவிட்டு நேராக எங்கள் தெருவுக்குத் திரும்பினாள். திரையில் எங்கள் வீட்டு கேட் வந்தது. மூடி உடைந்த தபால் பெட்டியைக்கூட நான் விடவில்லை. அவள் கேட் முன்னால் நின்றாள். ஒன்றும் எரியவில்லை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. முந்நூற்றுப் பதினெட்டு கதவுகள் தட்டினோம். எங்கள் கதவை நாங்கள் தட்டவில்லை. நோட்டில் எல்லாருடைய பெயரையும் எழுதியவளின் பெயர் நோட்டில் இல்லை. நோட்டில் இல்லாத பெயர் என் கேமின் தெருவிலும் இல்லை. நான்கு வருடத்தில் அது என் கண்ணில் படவே இல்லை.

பின்னால் நின்ற யாரோ "என்னாச்சு?" என்றார்கள். மர்சலின் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "கொஞ்சம் இருங்க. எங்க கார்டு பழசு, அதான் மெதுவா வரும்" என்றாள்.

அவள் நின்றுகொண்டே இருந்தாள். நான் பக்கத்தில் போய் அவள் தோளைத் தொட்டேன்.

"கார்டு மேல தப்பு இல்ல, மர்சலின்" என்றேன்.